நஞ்சு போனாலும் கனல் போவதில்லை

பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்த நம் தாய்மார்களை நாம் அறிவோம். 'மருந்து' என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது நஞ்சு. நஞ்சு உடம்பை விட்டு அகன்ற பிறகும் மூளைக்குள் கேடு தொடருமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1982ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒருவர் அசையவும் பேசவும் முடியாமல், மரக்கட்டை போல மருத்துவமனைக்கு வந்தார். அவரைப் போலவே மேலும் சிலர் வந்தனர். அறிகுறிகள் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயை ஒத்திருந்தன. முதுமையில் வரும் நோய் இளவயதினருக்கு எப்படி வந்தது?

டாக்டர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நோயாளிகள் அனைவரும் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கலந்திருந்தது. அது மூளைக்குள் வேறொரு நஞ்சாக மாறி, உடல் அசைவை நெறிப்படுத்தும் செல்களை அழித்துவிட்டது. 1983இல் இச்செய்தி 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அந்த நஞ்சை ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகளுக்குப் பின் இறந்த மூவரின் மூளையை ஆராய்ந்த முடிவு 1999இல் வெளியாயிற்று. நஞ்சு என்றோ போய்விட்டது. ஆனால், நரம்புச் செல்கள் இன்னும் அழிந்துகொண்டிருந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி மைக்ரோகிளியா எனப்படும் காவல் செல்கள் திரண்டு நின்றன.

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? அதுவே அழற்சி. முள் போனதும் அதுவும் தணிய வேண்டும். தணியாமல் நீடித்தால் நாட்பட்ட அழற்சி. திருடன் ஓடிப்போன பிறகும் காவற்காரன் கம்பைச் சுழற்றி வீட்டுச் சட்டி பானைகளை உடைப்பதைப் போன்றது அது.

இதற்கும் தோட்டத்திற்கும் என்ன தொடர்பு? எம்.பி.டி.பி.யிலிருந்து மூளைக்குள் உண்டாகும் அந்த இரண்டாவது நஞ்சின் வடிவம், 1962இல் விற்பனைக்கு வந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வடிவத்தை ஒத்தது. ஆகவே, ஆராய்ச்சியாளர்களின் பார்வை பாராகுவாட் பக்கம் திரும்பியது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களிடையே நடுக்க நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. அதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

மலேசிய அரசு 2002இல் பாராகுவாட்டை நிறுத்த முடிவெடுத்தது. 2006இல் மீண்டும் அனுமதித்தது. 2020 ஜனவரி முதல் நாளன்று முழுமையாகத் தடை செய்தது. இடையில் மருந்தடித்த கைகள் எத்தனை எத்தனை!

ஆகவே நேயர்களே, ஒரு காலத்தில் மருந்தடித்த பாட்டிக்கு இன்று கை நடுங்கினால், நடை தளர்ந்தால், "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என்ன மருந்து அடித்தார், எத்தனை ஆண்டுகள் அடித்தார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். இழந்த செல்களை மீட்க முடியாவிட்டாலும், நோயின் துன்பத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. உழைத்த கைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.