கௌரவம் என்ற சம்பளம்

திருச்சியின் பெண்கல்வி வரலாற்றைச் சொல்லும்போது கல்லூரிகள் தொடங்கிய ஆண்டுகளை வரிசைப்படுத்துகிறோம். 1923இல் ஹோலி கிராஸ், 1951இல் சீதாலட்சுமி ராமசுவாமி, 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம். படித்த பெண்கள் அதே வகுப்பறைகளுக்கு ஆசிரியர்களாகத் திரும்பியபோது என்ன நிபந்தனையில் திரும்பினார்கள் என்பது அந்த வரிசையில் இல்லை.

அரசு உதவி பெறும் பணியிடத்தில் சேர்ந்தவருக்கு அரசே ஊதியம் தந்தது. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1976, நிர்வாகம் நினைத்தபோது அவரை வெளியேற்ற முடியாதபடி வேலி போட்டது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரியைக் கடந்து வந்து பாடம் நடத்திய பெண்ணுக்கு ஓய்வுபெறும் வரை நீளும் ஒரு வாழ்க்கைக் கணக்கு கிடைத்தது.

1980களில் சுயநிதிக் கல்லூரிகள் வந்தன. பிறகு உதவி பெறும் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதிப் பிரிவுகள் முளைத்தன. ஒரே வளாகம், ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டம். சம்பளப் பட்டியல் மட்டும் இரண்டு.

அரசுக் கல்லூரிகளும் இதே வழியில்தான் நடந்தன. காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, 'கௌரவ விரிவுரையாளர்' என்ற பதவி வளர்ந்தது. இன்று தமிழகத்தில் 7,000க்கும் மேற்பட்டோர் அப்படிப் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்குத் தரப்படுவதன் பெயர் ஊதியம் அல்ல, மதிப்பூதியம். மாதம் 20,000 ரூபாயாக இருந்து 25,000 ஆனது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். மே மாதத்திற்குக் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாத உச்சவரம்பு 50,000 என்று வகுத்தது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700.

இந்த ஏற்பாடு இத்தனை காலம் ஓடுவதற்கு வீட்டுக்குள் ஒரு காரணம் இருக்கிறது. பெண்ணின் சம்பளம் 'கூடுதல் வருமானம்', ஆசிரியப் பணி 'பொம்பளைக்கு ஏத்த வேலை', அரைநாளில் வீடு திரும்பலாம். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்த ஒருத்தி சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், "உங்க வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்று பதில் சொல்ல இந்த எண்ணம் போதும். கணவர் இல்லாதவரும், முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் பெற்றோரைத் தாங்குபவரும் அந்தப் பதிலில் இடம்பெறுவதே இல்லை.

மகப்பேறு இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்குகிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் ஊதிய விடுப்பை 26 வாரமாக்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், சட்டத்தின் தகுதியை நிறைவு செய்தவருக்கு அந்தப் பலன் தொடர வேண்டும் என்று 2023இல், ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அடுத்த ஆண்டுப் பணி ஆணைக்காகக் காத்திருப்பவர், அதே ஆணையைத் தருகிறவர்மீது வழக்குப் போடுவாரா?

ஆகவே, இனி இந்த ஊரின் பெண்கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆண்டு மலர்களோடு சம்பளப் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும். யார் எந்தப் பட்டியலில் இருந்தார், எத்தனை ஆண்டு, எந்த மாதம் பெயர் விடுபட்டது என்று எழுத வேண்டும். பணி நிரந்தரம் கேட்கும் இன்றைய போராட்டத்துக்கும் அந்தப் பதிவேடுதான் சாட்சி.