திருமுழுக்குக்கு யார் சாட்சி? வயதுவந்தோர் கத்தோலிக்க நெறியில் இணைதலும் சபையின் பொறுப்பும்

வயதுவந்த ஒருவர் கத்தோலிக்க நெறியில் சேர்வதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புனித அகுஸ்தீனிடமிருந்தே தொடங்குகிறார்கள். மிலான் நகரத் தோட்டத்தில் அவர் கண்ணீர் விட்டதும், 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றதும் பலரும் அறிந்த செய்திகள். இதனால் மனமாற்றம் என்பது தனிமனித உள்ளத்தில் நடந்து முடியும் போராட்டம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் திருச்சபையின் வழிபாட்டு மரபு அந்த உள்ளத்தின் வாக்கை மட்டும் கேட்டு நிறைவடையவில்லை. அவரோடு வாழ்ந்தவர்களையும் அழைத்துக் கேட்டது. அந்த விசாரணையே, திருமுழுக்குக்கு முந்தைய ஆயத்தக் காலமான புகுமுகநிலையின் முதுகெலும்பு என்பதும், அது தளரும்போது மறைக்கல்வி வெறும் பாடத்திட்டமாகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, தாம் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். தவக்காலத் தொடக்கத்தில் ஆயர் கோவில் நடுவே அமர்கிறார். பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், ஆண்கள் ஞானத்தந்தையரோடும் பெண்கள் ஞானத்தாயரோடும். ஆயர் அவர்களது அண்டை வீட்டாரை நோக்கிக் கேட்கிறார்: இவர் நல்வாழ்வு வாழ்கிறாரா? பெற்றோரை மதிக்கிறாரா? குடிகாரரா? பொய் பேசுகிறவரா? குற்றமில்லை என்று தெரிந்தால் தம் கையாலேயே பெயரை எழுதுகிறார். இல்லையெனில் திருந்தி வரச் சொல்லி அனுப்புகிறார். தம்மை அறிந்த சாட்சிகள் இல்லாத வெளியூரார் எளிதில் திருமுழுக்குப் பெற இயலாது என்றும் எகேரியா குறிப்பிடுகிறார். இப்போலித்துவின் பெயரால் வழங்கும் ‘அப்போஸ்தலிக்க மரபு’ மூன்றாண்டுப் பயிற்சியை விதிக்கிறது. ஆயினும் ஒருவரின் ஒழுக்கத்தைக் கொண்டே முடிவு செய்யவேண்டும், காலத்தை மட்டும் பார்க்கக்கூடாது என்கிறது. கைம்பெண்களை மதித்தாரா, நோயாளரைச் சந்தித்தாரா என்பனவே அங்குக் கேட்கப்படும் கேள்விகள். இவற்றுக்கு மனப்பாடம் செய்து விடைசொல்ல முடியாது. விடை ஊராரிடம் இருக்கிறது.

குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்கான பின் இந்த அமைப்பு மெல்ல மறைந்தது. மறைப்பணித் தளங்களில் வரிசையே தலைகீழானது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1536–37ஆம் ஆண்டுகளில் ஊரூராகத் திருமுழுக்குப் பெற்றனர். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியாரே கடிதம் எழுதினார். இதைக் கொண்டு அவரை அவசரக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. உள்ளூர் மக்களின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி ஊர்தோறும் சொல்லவைத்தவர் அவர். தாம் அகன்ற பின்னும் கற்பித்தல் நிற்காதபடி கணக்கப்பிள்ளைகள் எனப்பட்ட உபதேசியார்களை நியமித்தவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூல் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. பின்னாளில் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியதும், கற்பிப்பவரின் வாழ்வே முதல் பாடம் என்பதை அவர் உணர்ந்திருந்ததால்தான். திருமுழுக்குக்கு முன் நடக்கவேண்டிய உருவாக்கம் அதற்குப் பின்னே தள்ளப்பட்டபோது, அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் இந்த உபதேசியார்கள். நம் திருச்சபை வரலாறுகள் அவர்களுக்குரிய இடத்தை இன்னும் தரவில்லை.

தனியொருவரின் நெடிய தேடலுக்குத் தெளிவான தமிழ்ச் சான்று புனித தேவசகாயம். நீலகண்டன் என்னும் இயற்பெயரோடு திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவருக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவர் குரு அல்லர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டிலனாய் என்னும் பொதுநிலையினர். துன்பத்தில் உழன்ற நண்பருக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்பது மரபு. அவரே கடிதம் கொடுத்து வடக்கன்குளத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கு இயேசு சபைக் குரு புத்தாரி, உறுதியைச் சோதித்த பின் 1745இல் திருமுழுக்கு அளித்தார். ஏழாண்டுக்குள் ஆரல்வாய்மொழியில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பர், கடிதம், சோதனை, காத்திருப்பு: எகேரியா கண்ட எருசலேமின் உறுப்புகள் இங்கே சிறிய அளவில் மீண்டும் கூடியிருக்கின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வயதுவந்தோர் புகுமுகநிலையைப் படிநிலைகளோடு மீட்கப் பணித்தது. 1972இல் அதற்கான சடங்குமுறை வெளியானது. முதலில் தேடலும் விசாரிப்பும். பின் சபைமுன் ஏற்கப்பட்டுப் புகுமுகநிலையினர் ஆகிறார்கள். தவக்காலத்தில் பெயர்ப்பதிவு. பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை. அதன்பின் மறைபொருள் விளக்கக் காலம். வேறு சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மறுமுறை திருமுழுக்கு இல்லை. அவர்கள் முழு ஒன்றிப்பில் ஏற்கப்படுகிறார்கள். புகுமுகநிலையில் இருப்பவர் திருமுழுக்குக்கு முன் இறந்துபோனாலும் கிறிஸ்தவ அடக்கச் சடங்குக்கு உரியவர் என்று திருச்சபைச் சட்டம் சொல்வது என்னை எப்போதும் நெகிழவைக்கும் செய்தி. அவர் அந்த வீட்டைச் சேர்ந்தவராக அப்போதே எண்ணப்படுகிறார்.

அந்த வீட்டின் வாசலுக்கு இன்று பலர் வருகிறார்கள். பிரான்சு நாட்டில் 2025 பாஸ்காவில் 10,384 வயதுவந்தோர் திருமுழுக்குப் பெற்றனர். முந்தைய ஆண்டைவிட இது ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி. இத்தகைய பெருக்கத்தில் இயல்பாகவே வகுப்பறை முன்னுக்கு வரும், துணைநிற்பவர் பின்னுக்குப் போவார். ஞானப்பெற்றோர் பதிவேட்டில் கையொப்பமிடும் ஒருவராகச் சுருங்கினால், பாஸ்காவுக்குப் பின் புதியவரைத் தேடிச் செல்ல ஆளிருக்காது.

ஊரார் சாட்சியை முன்னிறுத்தும் இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஊரார் சாட்சியே அளவுகோல் என்றால், அந்த ஊர் எத்தகையது? தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவில் இரு கிளைகளாகக் கட்டப்பட்டு, வெள்ளாளரையும் நாடாரையும் ஒரே பீடத்தின் முன் பிரித்து நிறுத்தியது. அவர்களைப் பிரித்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். அத்தகைய சபை யாருக்காகச் சாட்சி சொல்லும், யாரை வாசலில் நிறுத்தும்? சாதியின் கண்கொண்டு பார்க்கும் அண்டை வீட்டார் நற்சான்று தரத் தகுதியற்றவர்கள்.

இம்மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து சாட்சியத்தைக் கைவிடவேண்டும் என்ற முடிவு வருவதாக எண்ணவில்லை. 1972ஆம் ஆண்டுச் சடங்குமுறை, புகுமுகநிலையினரோடு சேர்ந்து நம்பிக்கையாளரும் தம் மனமாற்றத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்கிறது. வயதுவந்தோரை இணைப்பது திருமுழுக்குப் பெற்ற அனைவரின் பொறுப்பு என்றும் வரையறுக்கிறது. ஏற்புச் சடங்கிலேயே குரு சபையை நோக்கி, இவர்களுக்குத் துணைநிற்க ஆயத்தமா என்று கேட்கிறார். எகேரியாவின் காலத்தில் புதியவரைப் பற்றி அண்டை வீட்டாரிடம் கேட்கப்பட்டது. இங்கே அண்டை வீட்டாரிடம் அவர்களைப் பற்றியே கேட்கப்படுகிறது. எனவே ஒரு பங்கு தன் புகுமுகநிலைப் பணியை ஆராயும்போது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை வகுப்புகள் நடந்தன என்பவற்றுக்கு முன், புதியவரைத் தம் வீட்டில் உணவுக்கு அழைத்த குடும்பங்கள் எவை, எந்தத் தெருவார் அழைக்கவில்லை என்று கேட்கவேண்டும்.