தொழிலில் முடிவெடுக்கும் வேளையில் செபம்



கடையை விரிவாக்கலாமா, கடன் வாங்கி இயந்திரம் போடலாமா, ஆட்களைக் குறைக்கலாமா என்ற கேள்விகள் தொழில் செய்கிற நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றன. நாளைய விலை நிலவரம் யாருக்கும் தெரியாது. இந்நிலையில் விவிலியத்தைத் திறந்து முதலில் கண்ணில் படும் வசனத்தையே பதிலாகக் கொள்வோரும், ‘ஆண்டவர் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டுச் செபவீடுகளுக்கு அலைவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கலக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் எதிர்காலத்தை அறிய முயலும் குறிகேட்டல் அனைத்தையும் விலக்குமாறு கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2116) கற்பிக்கிறது. இலாபம் வருமா நட்டம் வருமா என்பதற்குச் செபம் பதில் சொல்வதில்லை. அப்படியானால் அது எதற்கு?

கணக்குப் பார்ப்பதற்கு மாற்றாக அன்று. கோபுரம் கட்ட விரும்புகிறவர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை ஆண்டவரே எடுத்துக்காட்டாகச் சொன்னார் (லூக் 14:28-30). சீடராவதைப் பற்றிய போதனைதான் அது என்றாலும், எவரும் அறிந்த நடைமுறை அறிவையே அவர் அங்குக் கையாள்கிறார். ஒரு நகருக்குப் போய் ஓராண்டு வணிகம் செய்து பணம் ஈட்டுவோம் என்போரை யாக்கோபு கண்டிப்பதும் (4:13-15) திட்டமிட்டதற்காக அல்ல. நாளைய நாள் தங்கள் கையில் இருப்பதாக எண்ணிய வீம்புக்காகவே.

செபத்தின் இடத்தை மிகத் தெளிவாகக் காட்டியவர் லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு அச்சான அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் முடிவெடுக்கும் வழிகள் விரிவாக உள்ளன. முதலில் மனம் தராசு முள் போல எப்பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். அதற்காகத்தான் முதல் செபம். பின்பு ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மை தீமைகளை அறிவால் எடைபோட வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன அறிவுரை சொல்வேன்? சாகும் நேரத்தில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவேன்? இவற்றையும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். எடுத்த முடிவை மீண்டும் செபத்தில் இறைவனிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும். மனம் இருண்டு ஆன்மீக வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக்கூடாது என்பது அவர் தரும் மற்றொரு விதி. வியாபாரம் சரியும் மாதத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இப்படித் தராசு முள் போல நிற்பது முதலாளிகளுக்கு எளிதன்று. அர்ஜென்டினா நாட்டின் என்ரிக்கே ஷா (1921-1962) அதைத் தம் தொழிலில் வாழ்ந்து காட்டியவர். கடற்படை அதிகாரியாக இருந்த அவர் 1945-இல் சிக்காகோவுக்கு வானிலையியல் படிக்க அனுப்பப்பட்டார். (வானிலையைக் கணிக்கப் படித்தவரே சந்தையைக் கணிக்க முடியாத தொழிலுக்கு வந்தார்!) தொழிலாளியாக வாழ எண்ணிய அவரை, தொழில் நடத்துவோரிடையே நற்செய்தியைக் கொண்டு செல்லுமாறு அங்கிருந்த ஒரு குருவானவர் வழிநடத்தினார். பின்னர் அவர் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். கிறிஸ்தவத் தொழில் நிர்வாகிகளுக்கான சங்கத்தை 1952-இல் நிறுவினார். நற்கருணையும் செபமும் அவரது அன்றாட வாழ்வின் பகுதியாயின.

1961-இல் ஆலை அமெரிக்க முதலீட்டாளர்கள் கைக்கு வந்தபோது, ஏறத்தாழ 1200 பேரை வேலையிலிருந்து நீக்க முடிவாயிற்று. அப்போது ஷா புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். ஒன்பது பிள்ளைகளின் தந்தை. ஆயினும் தம் பதவியைப் பணயம் வைத்து எதிர்த்தார். வெறும் எதிர்ப்போடு நில்லாமல், ஆட்களைக் குறைக்காமல் ஆலையை நடத்தும் மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்தார். தொழிலாளர்கள் வேலையில் நீடித்தனர். பின்பு அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது அவர்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2021-இல், அவர் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார்.

செபித்ததால் அத்திட்டம் வென்றது என்று சொல்ல முடியாது. நேர்மையாகவும் செபத்தோடும் நடத்தப்பட்டும் மூடப்பட்ட தொழில்கள் எத்தனையோ. ஷாவின் செபம் அவரைத் தம் பதவியைப் பற்றிய அச்சத்திலிருந்து விடுவித்தது என்று சொல்லலாம். அதனால்தான் 1200 பேரையும் வெறும் செலவுக் கணக்காகப் பார்க்காமல் அவரால் யோசிக்க முடிந்தது.

நம் தொழில்கள் மிகச் சிறியவை. ஆனாலும் அவற்றிலும் இழப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் வேறொருவர். மனைவியின் நகையை அடகு வைத்து எடுக்கும் முடிவில் மனைவியைக் கேட்பதில்லை. முடிவெடுத்த பிறகு அவரையும் அழைத்துக் குடும்பமாகச் செபமாலை சொல்கிறோம். அந்த வரிசையை மாற்றி, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே கணக்கு நோட்டை நடுவில் வைத்து இருவரும் சேர்ந்து செபிக்கலாம். அவர் ‘வேண்டாம்’ என்றால் அதன் காரணத்தையும் கேட்கலாம்.