பொன்னாரமும் கல்லுமாலையும்

பழைய விருதுச் சின்னம் ஒன்று ஏலத்துக்கு வந்தால், அது யார் கழுத்தில் கிடந்தது, எந்தக் கைகள் வழியாக வந்தது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பிரிட்டிஷ் பேரரசின் ‘இந்திய நட்சத்திரம்’ விருதுக்குரிய பொன்னாரத்தின் விஷயத்தில் இந்த விசாரணை கூடுதலாகவே நடக்கும். காரணம், அணிந்தவருக்கு அது சொந்தமாக இருக்கவில்லை. அவர் இறந்ததும் குடும்பத்தார் அரசிடம் திருப்பித் தரவேண்டும் என்பது விதியாக இருந்தது. அதனால்தான் சந்தையில் அது அரிதாகவே தென்படுகிறது.

1857 எழுச்சியை ஒடுக்கிய பின், 1861இல் விக்டோரியா மகாராணி இந்த விருதை நிறுவினார். சுதேச மன்னர்களின் விசுவாசத்தைக் கட்டிப்போடுவதே நோக்கம். 1866இல் விருது மூன்று வகுப்புகளானது. ஆரம் முதல் வகுப்பினருக்கு மட்டும். தாமரை, பனை இலை, சிவப்பும் வெள்ளையுமான ரோஜா, நடுவில் பேரரசின் மணிமுடி என்று தங்கத்திலும் எனாமலிலும் செய்த வேலைப்பாடு அது.

1888இல் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாளுக்கு இந்த முதல் வகுப்பு கிடைத்தது. 1885 முதல் 1924 வரை ஆண்டவர் அவர். அவருடைய நாட்டில் புலையர் பெண்களின் கழுத்தில் என்ன கிடந்தது?

கல்லுமாலை. தங்கமோ வெள்ளியோ அணிய அவர்களுக்கு அனுமதியில்லை. கல்லையும் மணியையும் கோத்த மாலைதான் அணியவேண்டும். பார்த்ததுமே சாதி தெரிந்துவிடவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

மன்னருக்கு விருது கிடைத்து ஐந்தாண்டுகள் கழித்து, 1893இல், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் அய்யன்காளி வில்லுவண்டி ஓட்டினார். 1915இல் கல்லுமாலையைக் கழற்றும்படி பெண்களை அவரது இயக்கம் அழைத்தது. அக்டோபரில் கொல்லம் அருகே பெரினாட்டில் நடந்த கூட்டத்தைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆனாலும் டிசம்பரில் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் மேடைக்கு வந்து மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அவை அங்கேயே குவிந்தன.

பேரரசு ஒரு மன்னனைக் கௌரவிக்கும்போது, அவன் நாட்டில் யார் சாலையில் நடக்கலாம், யார் என்ன அணியலாம் என்று பார்க்கவில்லை. தன்னிடம் விசுவாசமாக இருக்கிறானா என்று பார்த்தது. அதன் கணக்கில் இவையெல்லாம் ‘உள்ளூர் வழக்கம்’.

சமூகவியலில் நாம் படித்தது இங்கே உதவுகிறது: ஆபரணம் அழகுக்கு மட்டுமல்ல, அந்தஸ்தையும் அறிவிக்கும். அதை அணிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. மன்னர் தம் ஆரத்தை விரும்பி ஏற்றார். புலையர் பெண்களின் மாலை கட்டாயத்தால் வந்தது.

பொன்னாரம் கைமாறிய வரலாற்றை ஏல நிறுவனங்கள் எழுதிக்கொள்ளும். கல்லுமாலையின் வரலாற்றை நாம்தான் எழுதவேண்டும். அதை அணியவைத்தவர்கள் யார், எந்த ஆட்சியில், அறுத்தபோது எரிந்தது யார் குடிசை என்பதெல்லாம் அதில் இடம்பெறவேண்டும்.