கழுத்திறகில் பிறந்த கண்: தூண்டில் ஈக்களும் தென்னிந்தியக் காட்டுச் சேவலும்

தூண்டில் முள்ளின்மீது இறகு, உரோமம், பட்டுநூல் ஆகியவற்றைக் கட்டி, பூச்சி போலவோ சிறுமீன் போலவோ உருவாக்கும் பொய்யிரையை ஆங்கிலேயர் ‘ஈ’ என்றே அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் ஆறுகளில் சால்மன் பிடிக்கக் கட்டப்பட்ட ஈக்கள் பலவற்றின் இருபுறமும் கண் போன்றதொரு புள்ளி ஒளிரும். அந்தக் கண் தென்னிந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறிச் சென்றது.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய பறவை. இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னராவின் பெயரை 1813இல் டெம்மிங்க் அதற்குச் சூட்டினார். சேவலின் கழுத்திறகில் நடுத்தண்டு நுனியை நெருங்குகையில் தட்டையாக அகன்று, மெழுகு வார்த்தது போன்ற கெட்டித் தகடாகிறது. கருநிறப் பின்புலத்தில் வெண்மையும் மஞ்சளுமாய் அது தோன்றும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இவ்விறகுகள் உதிர்ந்துவிடும்; குட்டையான மங்கிய இறகுகளே சில காலம் இருக்கும். ஆகவே வணிகருக்கு மதிப்புடையது இனப்பெருக்கக் கோலத்திலுள்ள சேவலின் தோல் மட்டுமே. இனம் பெருக வேண்டிய பருவமே அப்பறவைக்கு ஆபத்தான பருவமாகவும் ஆனது.

கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் பெரும்பாலும் இரை உண்பதில்லை. எனவே அதற்கான ஈ, உயிருள்ள எந்தப் பூச்சியையும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ‘ஜாக் ஸ்காட்’ என்னும் புகழ்பெற்ற ஈயில் தென்னமெரிக்கத் தூக்கான் இறகும் சீனப் பொன்வண்ணக் கோழியின் கொண்டை இறகும் இந்தியக் காட்டுச் சேவலின் கழுத்திறகும் ஒரே முள்ளில் சேர்ந்தன. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட ‘தி சால்மன் ஃப்ளை’ நூலின் ஈ வகைகளில் இவ்விறகு திரும்பத் திரும்ப வருகிறது. கட்டும் முறை எளிது: அளவொத்த இரண்டு இறகுகளைத் தேர்ந்து, அடிப்பகுதியின் மென்தூவியை நீக்கி, தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பட்டுநூலால் இறுக்குவர். பிளந்த இறகை வார்னிஷ் தடவி ஒட்டுவர்.

1902இல் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தீக்கோழி இறகுக்கும் இயற்கை வரலாற்று மாதிரிகளுக்கும் விலக்களித்தது. பிரிட்டன் 1921இல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. எனினும் கள்ளக்கடத்தல் நின்றுவிடவில்லை, தேவையும் குறையவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் உருவாக்கிய ‘கிரே கோஸ்ட்’ என்னும் ஈயும் இதே கழுத்திறகையே கண்ணாகக் கொண்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்ற வேட்டையையும் ஒழித்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் சட்டப்படியான வழியை முற்றாக அடைத்தன. இன்று மேலைநாடுகளில் பண்ணையில் வளர்த்த சேவல்களின் தோல்களே விற்பனைக்கு வருகின்றன.

இறகு அரிதான இடத்தில் வண்ணம் துணைசெய்தது. நூலைச் சுற்றித் தலையைப் பருமனாக்கி, மெருகிட்டு உலர்த்தியபின், ஆணியின் கொண்டையை மஞ்சள் வண்ணத்தில் தோய்த்து ஒரு பொட்டு வைப்பர். அது காய்ந்ததும் சிறு குச்சியால் நடுவில் கரும்பாவை இடுவர். நெகிழித் தகட்டில் அச்சிட்ட போலி இறகுகளும் வந்தன. உலோகக் கண்கள் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை. மணிச்சங்கிலியில் இரண்டு மணிகளைத் துண்டித்து, முள்ளின் தண்டுக்குக் குறுக்கே எட்டு வடிவில் நூல் சுற்றிக் கட்டினால் ஈ நீரில் தாழும். 1980களில் பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் இரட்டைக் குண்டு வடிவ ஈயக் கண்ணைத் தண்டின் ஒரு பக்கமாகக் கட்டினார். அந்த எடையால் முள் தலைகீழாகத் திரும்பி, கூர்முனை மேல்நோக்கி நின்றது. அடித்தளத்துக் கற்களில் சிக்குவது குறைந்தது. பார்வைக்கு அழகாக இருந்த கண், ஈயை இயக்கும் உறுப்பாயிற்று. ஈயத்தின் நச்சுத்தன்மை உணரப்பட்டபின் பித்தளையும் டங்ஸ்டனும் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

ஈக்களின் செய்முறை நூல்கள் பொழுதுபோக்குக் கையேடுகளாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றிலுள்ள பொருட்பட்டியல்களை வணிக ஆவணங்களாக வாசித்தால், எந்தக் காட்டிலிருந்து எந்தப் பறவை எப்போது அகற்றப்பட்டது என்பதற்கான தடயங்கள் புலப்படும். சுங்கப் பதிவேடுகளோடும் வனத்துறை ஆவணங்களோடும் அவற்றை ஒப்பிடுவது, தென்னிந்தியச் சூழலியல் வரலாற்றுக்குப் பயன்தரும் பணியாகும்.