சிற்றூர்க் கழகம் எதனால் நிலைக்கிறது? கேங்கான் அனுபவமும் கற்பிட்டியின் கேள்வியும்

1. கேள்வி

இலங்கையின் புத்தளம் மாவட்டத்திலுள்ள கற்பிட்டி போன்றதொரு கரையோர ஊரிலிருந்து தேசிய மட்டத்தில் நிலைத்து ஆடும் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் உருவாக முடியுமா என்று கேட்டால், வழக்கமாக இரண்டு விடைகள் வருகின்றன. ஊர் சிறியது, ஆகவே முடியாது என்பது ஒன்று. இளைஞரிடம் ஆர்வம் உண்டு, கைகொடுக்க ஒரு செல்வந்தர் முன்வந்தால் போதும் என்பது மற்றொன்று. இரண்டுமே போதாத விடைகள் என்பது இக்கட்டுரையின் வாதம். சிற்றூர்க் கழகம் நிலைப்பதற்கு அதைச் சூழ்ந்த அமைப்பே முதற்காரணம். பொதுவுடைமையான மைதானம், ஆட்கள் மாறினாலும் தொடரும் சட்டபூர்வமான சங்கம், வீரரை வளர்த்தவருக்கு வருவாய் தரும் முறை, மேலிருந்து கீழே பணத்தைப் பகிரும் லீக் ஆகிய நான்கும் அந்த அமைப்பின் உறுப்புகள். இதைச் சோதிக்கப் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலுள்ள கேங்கான் நகரின் ‘ஆன் அவான்’ கழக வரலாறு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பாரிஸ், மார்செய் போன்ற பெருநகரக் கழகங்களை விடுத்து இதைத் தெரிவுசெய்ததற்குக் காரணம், இந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,000 மட்டுமே என்பதுதான்.

2. கேங்கான் கடந்த பாதை

இக்கழகம் 1912 இல் தோன்றியது. பிரான்சில் தொழில்முறை உதைபந்தாட்டம் 1932 இல் அனுமதிக்கப்பட்ட பின்னரும், பல பத்தாண்டுகள் அது பிராந்தியப் பிரிவுகளிலேயே ஆடியது. உணவுப் பதனீட்டுத் தொழிலதிபரான நோயல் லு கிராயெத் 1972 இல் தலைவரானார். அடுத்த ஆண்டே அணி பிரெஞ்சுக் கிண்ணத்தில் இறுதி 16 வரை முன்னேறியது. 1977 இல் இரண்டாம் பிரிவு, 1984 இல் தொழில்முறைத் தகுதி, 1995 இல் முதற்பிரிவு என்று அதன் ஏற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. பிராந்தியப் பிரிவிலிருந்து முதற்பிரிவை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1990 இல் திறக்கப்பட்ட ரூதூரூ அரங்கில் ஏறத்தாழ 18,000 பேர் அமரலாம். ஊர்மக்கள் அனைவரும், கைக்குழந்தைகள் உட்பட, வந்து அமர்ந்தாலும் பாதி இருக்கைகள்கூட நிரம்பாது. ஆகவே அவ்வரங்கு சுற்றுவட்டாரக் கிராமங்களையும் பண்ணைகளையும் கணக்கில் கொண்டே கட்டப்பட்டது என்று கொள்வதே பொருந்தும். ஊர் சிறியது என்ற வாதம் இங்கேயே தளர்கிறது. கழகத்தின் மக்கள்தொகையை நகர எல்லைக்கோடு தீர்மானிப்பதில்லை. போட்டி நாளில் வந்து திரும்பக்கூடிய தூரமே தீர்மானிக்கிறது.

வீரர் வளர்ப்பிலும் ஊரின் அளவு தடையாக இருக்கவில்லை. 1998 உலகக் கிண்ணத்தை வென்ற பிரெஞ்சு அணியில் ஸ்டெபான் கிவார்ஷ், வின்சன்ட் கந்தெலா ஆகிய இருவரும் முன்னர் கேங்கானில் ஆடியவர்கள். லொறான் கொஸியெல்னி அதன் பயிற்சி நிலையத்தில் உருவானவர். 2002 இல் லு மான் கழகத்திலிருந்து வந்த டிடியே ட்ரொக்பா, 2002-03 பருவத்தில் லீக்கில் 17 கோல்கள் அடித்தார். அப்பருவத்தில் கழகம் முதற்பிரிவில் ஏழாம் இடம் பெற்றது. பருவம் முடிந்ததும் அவர் மார்செய்க்கும், உடனாடிய ப்ளோரான் மலூடா லியோனுக்கும் போனார்கள். சிற்றூர்க் கழகம் நட்சத்திரங்களைத் தக்கவைத்துக்கொள்வதில்லை. அவர்களை விற்று அடுத்த பருவத்தை நடத்துகிறது.

3. தனிமனிதர் வாதமும் அதன் எல்லையும்

இவையெல்லாம் லு கிராயெத் என்ற ஒருவரின் சாதனை என்று சொல்லக்கூடும். அவர் 1972 முதல் 1991 வரையும், பின்னர் 2002 முதல் 2011 வரையும் கழகத் தலைவர். 1995 முதல் 2008 வரை நகர மேயரும் அவரே. மைதானம், நிதி, அரசியல் மூன்றும் ஒரே கைக்குள் வந்ததன் நன்மை கழகத்துக்குக் கிட்டியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் காலவரிசை வேறொன்றையும் காட்டுகிறது. முதற்பிரிவுக்கு ஏறிய 1995 இலும், கிண்ண இறுதியில் நீஸ் அணியிடம் பெனால்டி உதைகளில் தோற்ற 1997 இலும் அவர் கழகத் தலைவராக இருக்கவில்லை. இரண்டாவது கிண்ணம் கிடைத்த 2014, அவர் விலகியபின் வந்தது. 1991 முதல் 2000 வரை அவர் தேசிய லீக்கின் தலைவராக இருந்ததால் முற்றிலும் விலகியிருந்தார் என்று சொல்ல முடியாது. எனினும் அன்றாட நிர்வாகம் அவரின்றியும் நடந்தது.

இதைவிட உறுதியான சான்று தோல்வியில் இருக்கிறது. 2009 மே 9 அன்று ஸ்டாட் டு பிரான்ஸில் 80,000 பேர் முன்னிலையில், இரண்டாம் பிரிவு அணியாக இருந்த கேங்கான், அயல் நகரான ரென் அணியைக் கிண்ண இறுதியில் சந்தித்தது. 69 ஆம் நிமிடத்தில் ரென் முந்தியது. 72, 82 ஆம் நிமிடங்களில் பிரேசில் வீரர் எதுவார்தோ அடித்த இரு கோல்கள் கிண்ணத்தைக் கேங்கானுக்குத் தந்தன. இரண்டாம் பிரிவிலிருந்து கிண்ணம் வென்றது 1959 இல் லு ஆவர் அணிக்குப் பின் இதுவே முதல்முறை. மறு ஆண்டே, 2010 இல், அதே கழகம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. ஆனால் கலைந்துவிடவில்லை. 2011 இல் இரண்டாம் பிரிவுக்கும் 2013 இல் முதற்பிரிவுக்கும் மீண்டது. 2014 இல் மறுபடியும் ரென் அணியை 2-0 என வென்று கிண்ணம் எடுத்து, அடுத்த பருவ ஐரோப்பா லீக்கில் இறுதி 32 வரை சென்றது.

இறங்கியும் மடியாமைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1901 ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சங்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கமே கழகத்தின் அடித்தளம். தொழில்முறைப் பிரிவை நடத்தும் நிறுவனம் அதன் மேல் எழுவது. நிறுவனம் முறிந்தாலும் சங்கம் மிஞ்சும். 2011 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கும் 2017 இல் கோர்சிகாத் தீவின் பாஸ்டியாவும் நிதி முறிவால் ஐந்தாம் படிநிலைக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்தே மேலேறி வந்தது இதனால்தான்.

இந்த அமைப்பு குறையற்றது என்பதல்ல. லீக் பகிரும் தொலைக்காட்சிப் பணத்தைச் சிறிய கழகங்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன. 2020 இல் மீடியாப்ரோ நிறுவனத்துடனான ஒளிபரப்பு ஒப்பந்தம் முறிந்தபோது பிரெஞ்சுக் கழகங்கள் முழுவதும் ஆட்டங்கண்டன. பகிர்வு ஒரு தாங்குதூண், அதேவேளை ஒரு சார்பும்கூட.

4. இலங்கைப் படமும் கற்பிட்டியும்

2021 இல் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கின் 10 கழகங்களைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். டிபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் மூன்றும் முறையே தரை, கடல், வான் படைகளின் அணிகள். கொழும்பு எப்.சி., ரட்ணம், ரினவுன் மூன்றும் தலைநகருடையவை. களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ், வென்னப்புவையின் நியூ யங்ஸ் ஆகிய நான்கும் வெளியூர்க் கழகங்கள். வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றுமில்லை.

இப்பட்டியல் இரண்டைச் சொல்கிறது. வெளியூர்க் கழகம் உச்ச மட்டத்தை எட்ட முடியும். அதிலும் வென்னப்புவை நம் புத்தளம் மாவட்டத்திலேயே உள்ளது. ஆனால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரக்கூடிய படை அணிகளோடு அக்கழகங்கள் போட்டியிட வேண்டும். திறமையான இளைஞன் படையில் சேர்வது அவன் குடும்பத்துக்கு நியாயமான முடிவு. அவனை வளர்த்த ஊர்க் கழகத்துக்கு அதனால் வருவாய் ஏதும் இல்லையென்றால், அடுத்தவனை வளர்க்க அதனிடம் முதல் இருக்காது. ட்ரொக்பாவை விற்று வாழ்ந்த கேங்கானுக்கும் நமக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இது.

மேல்மட்டமும் உறுதியாக இல்லை. 2023 ஜனவரியில் பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. சம்மேளனம் தடுமாறும்போது முதலில் மூச்சுத் திணறுவது, வேறு வருவாயற்ற சிறிய கழகம்தான்.

இனி கற்பிட்டி. களப்புக்கும் கடலுக்கும் இடையே நீளும் இக்குடாநாட்டின் பொருளாதாரம் அற்பமானதல்ல. மீன்பிடி, கிணற்று நீரில் நடக்கும் மரக்கறிச் செய்கை, தென்மேற்குப் பருவக் காற்றை நம்பிய பட்டச் சறுக்குச் சுற்றுலா, நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எல்லாம் இங்கே உண்டு. கற்பிட்டி நகரை மட்டும் எண்ணாமல் கண்டக்குழி, தலவில, மாம்புரி, நுரைச்சோலை, பாலாவி வரை ஒரே கழகத்தின் வட்டாரமாகக் கொண்டால் கேங்கானின் அளவை நாம் கடந்துவிடுகிறோம். பள்ளிவாசல் ஊர், கோவில் ஊர், தமிழ் ஊர், சிங்கள ஊர் என்று அணிகள் பிரிந்து நிற்கும் வரை அந்த வட்டாரம் கழகத்துக்குக் கிட்டாது.

5. முடிவு

கேங்கான் நமக்குத் தரும் பாடம் ஒரு புரவலரைத் தேடு என்பதல்ல. புரவலர் போனபின்னும், அணி தோற்றபின்னும் மிஞ்சக்கூடியதைக் கட்டு என்பதே. கற்பிட்டிப் பிரதேச சபை ஒரு மைதானத்தைக் கழகங்களின் பொதுப் பயன்பாட்டுக்கென்று சட்டபூர்வமாக ஒதுக்கட்டும். ஊர்க் கழகங்கள் யாப்பும் கணக்காய்வும் உள்ள ஒரே சங்கமாக இணையட்டும். படை அணிகளுக்குப் போகும் ஒவ்வொரு வீரருக்கும் அவரை வளர்த்த கழகத்துக்கு ஈடு வழங்கும் விதியைச் சம்மேளனம் கொண்டுவரட்டும். இம்மூன்றும் கோடிகள் கேட்பவை அல்ல. இவை இல்லாமல் கிடைக்கும் எந்தக் கிண்ணமும் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்காது.