ஒன்றரை மைல் தூரத்தில் இரு துறைமுகங்கள்

எடின்பரோ நகரிலிருந்து வடக்கே செல்பவர்கள் ஃபோர்த் கழிமுகத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே மூன்று பாலங்கள் அருகருகே நிற்கின்றன. 1890இல் திறக்கப்பட்ட செந்நிறப் புகையிரதப் பாலம், 1964இல் வந்த தொங்குபாலம், 2017இல் வந்த புதிய வீதிப் பாலம். மூன்று நூற்றாண்டுகளை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். சித்திரை மாதத்து வெயில் நாளொன்றில் மனைவியும் நானும் புதிய பாலத்தால் அக்கரை சேர்ந்தோம். அக்கரையில் தொடங்குவது ஃபைஃப் என்னும் தீபகற்பம். ஸ்கொட்லாந்து மன்னரொருவர் இப்பகுதியைக் கந்தைப் போர்வைக்கும், அதன் கரையோர ஊர்களைப் போர்வையின் சரிகைக்கும் ஒப்பிட்டதாகச் சொல்வார்கள். அந்தச் சரிகையின் கிழக்கு முனையைப் பார்ப்பதே அன்றைய பயணத்தின் நோக்கம்.

முதலில் கண்டது லோவர் லார்கோ. மிகச் சிறிய ஊர். குறுகிய தெருவில் ஒரு வீட்டின் முகப்பில், ஆட்டுத்தோல் உடுத்திய ஒருவனின் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற அவன் 1676இல் இங்கே ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். தேவாலயத்தில் ஒழுங்கீனமாக நடந்ததற்காக 1695இல் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது கடலுக்குப் போய்விட்டான். பின்னர் கப்பல் தலைவனுடன் பிணங்கி, 1704இல் பசுபிக் பெருங்கடலில் ஆளற்ற தீவொன்றில் இறங்கி, நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் தனித்து வாழ்ந்தான். 1709இல் மீட்கப்பட்டான். டானியல் டீபோ 1719இல் வெளியிட்ட ரொபின்சன் குரூசோ கதைக்கு இவனது வாழ்வே தூண்டுதல் என்பது பொதுவான கருத்து. படம் எடுக்க வந்தவர்கள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். நாமும் காத்திருந்து எடுத்துக்கொண்டோம்.

1704 என்ற ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈலி, செயின்ட் மோனன்ஸ் ஆகிய ஊர்களை விரைவாகவே கடந்தோம். செயின்ட் மோனன்ஸில் அலை தெறிக்கும் தூரத்தில் நிற்கும் பதினான்காம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் அருகில் சிறிது நேரம் நின்றோம். எங்கு நோக்கினும் படிபடியாக ஏறும் சுவர் முகடுகளும் சிவந்த ஓட்டுக் கூரைகளும். ஒல்லாந்தருடன் நடந்த கடல் வணிகம் விட்டுச்சென்ற சாயல் அது.

அடுத்தது பிட்டன்வீம். குகையின் இடம் என்பது பெயரின் பொருள். ஃபில்லன் என்ற துறவி வாழ்ந்ததாகக் கூறப்படும் குகை இன்றும் ஊர் நடுவே உண்டு. துறைமுகத்தில் இப்போதும் மீன்பிடிப் படகுகள் வந்து போகின்றன. மேட்டில் தேவாலயம். அதனுடன் ஒட்டிய கோபுரம் 1588ஆம் ஆண்டுக்குரியது. நகரமன்றமும் சிறைக்கூடமும் அதில்தான் இருந்தன. அந்தச் சிறையின் கதையை முன்னரே வாசித்திருந்தேன். வாசித்ததை மனைவிக்குச் சொல்லியிருக்கவில்லை. கோபுரத்தின் அடியில் நின்றுதான் சொன்னேன்.

1704இல் இவ்வூர்க் கொல்லனிடம் தொழில் பழகிய பட்ரிக் மோர்ட்டன் என்ற பதினாறு வயதுப் பையனிடம், நகரமன்றத்தின் முன்னாள் பொருளாளரின் மனைவி பீட்ரிக்ஸ் லெயிங் ஆணிகள் செய்து தரும்படி கேட்டார். வேறு வேலை இருப்பதாக அவன் மறுத்தான். அவர் முணுமுணுத்தபடி போனார். பையனுக்கு உடல் சோர்ந்தது, வலிப்பு வந்தது. அந்தப் பெண் சூனியம் வைத்துவிட்டாள் என்றான். ஊர்ப் போதகர் பட்ரிக் கூப்பர் அதை ஐயுறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு சிறுமியின் வலிப்பைச் சாட்சியாகக் கொண்டு பலரைக் கொன்ற வழக்கின் விவரத்தை அவரே பையனுக்கு வாசித்துக் காட்டினார் என்கிறார்கள். பையனின் வலிப்பும் அந்த விவரத்தை ஒத்தே வளர்ந்தது.

லெயிங்கை ஐந்து நாட்கள் இரவும் பகலும் உறங்கவிடாமல் வைத்திருந்தார்கள். உடலில் ஊசியால் குத்தினார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வேறு சிலரின் பெயர்களையும் சொன்னார். பின்னர் மறுத்தார். மறுத்ததற்காக மாதக்கணக்கில் இருட்டறை. பெயர் சொல்லப்பட்டவர்களில் தோமஸ் பிரவுண் என்பவர் சிறையில் பட்டினியால் இறந்தார். ஜனெற் கோர்ன்ஃபுட் என்ற பெண் சிறையிலிருந்து தப்பி வடக்கே ஓடினார். அங்கிருந்த போதகர் அவரை மீண்டும் பிட்டன்வீமுக்கே அனுப்பிவைத்தார்.

1705 ஜனவரி 30ஆம் திகதி இரவு கும்பல் அவரைப் பிடித்தது. அடித்துக் கால்களைப் பற்றி இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்கள். நின்றிருந்த கப்பலுக்கும் கரைக்கும் இடையே கயிறு கட்டி, அதில் அவரைத் தொங்கவிட்டுக் கல்லெறிந்தார்கள். பின் நிலத்தில் கிடத்தி, மேலே ஒரு கதவை வைத்து, அதன்மேல் கற்களை அடுக்கி நசுக்கினார்கள். உயிர் போயிற்றா என்பதை உறுதிப்படுத்த ஒருவன் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியை மேலே ஓட்டினான். அவருக்குக் கிறிஸ்தவ அடக்கமும் மறுக்கப்பட்டது.

எடின்பரோவிலிருந்த அரச ஆலோசனைச் சபை விசாரித்தது. கொலையாளிகளை வழக்குக்கு உட்படுத்துமாறு கட்டளையிட்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. போதகர் தம் பதவியில் தொடர்ந்தார். பையனின் கதை நிலைக்கவில்லை. சூனிய வழக்கும் சரிந்தது. விசாரணைக்குழு, அறிக்கை, கட்டளை, பிறகு மௌனம் என்ற வரிசை, பத்திரிகைத் தொழிலில் வயதைக் கழித்த எனக்குப் புதிதல்ல. மாதங்களும் பெயர்களும்தான் வேறு.

செல்கேர்க் தீவில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவன் பிறந்த ஊரிலிருந்து வண்டியில் அரை மணி நேரத் தூரத்தில் இது நடந்தது. ஆளற்ற தீவில் இருந்தவன் பிழைத்தான். அயலவர் சூழ வாழ்ந்தவள் பிழைக்கவில்லை.

துறைமுகப் படிகளில் இறங்கும்போது மனைவி கேட்டாள், "அந்த மனுசிக்கு இஞ்ச ஒரு கல்லாவது வைச்சிருக்கினமோ?" நாங்கள் நடந்த இடங்களில் எதுவும் கண்ணில் படவில்லை. ஃபைஃப்பின் மேற்கே கல்ரொஸ், டொரிபேர்ன் முதலிய ஊர்களில் 2019இல் நினைவுத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். 1563இல் இயற்றப்பட்ட சூனியச் சட்டம் 1736இல் நீக்கப்படும் வரை ஸ்கொட்லாந்தில் ஏறத்தாழ 4,000 பேர் குற்றஞ்சாட்டப்பட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2022 மார்ச் 8ஆம் திகதி அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டேர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு மே மாதத்தில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையும் கோரியது.

பிட்டன்வீமிலிருந்து ஒன்றரை மைல் கிழக்கே அன்ஸ்ட்ரதர். ஊரவர் வாயில் அது 'ஏன்ஸ்டர்'. ஒருகாலத்தில் ஹெரிங் மீனால் செழித்த துறைமுகம். 1940களில் கழிமுகத்தில் அந்த மீன் அருகிப்போயிற்று. இப்போது பொழுதுபோக்குப் படகுகளே அதிகம். 1969இல் திறந்த மீன்பிடி அருங்காட்சியகம் கரையிலேயே இருக்கிறது. வலை, படகு, உப்பிட்ட மீன் அடைக்கும் பீப்பாய், மீன் வெட்டும் பெண்கள் விரல்களில் சுற்றிக்கொண்ட துணி என எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போதவில்லை.

ஆனால் நான் பார்க்க விரும்பியது வெறும் தண்ணீரைத்தான். பிட்டன்வீமின் கோபுரம் எழுந்த அதே 1588ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு விடியற்காலையில், இங்கே ஒரு கப்பல் வந்து நின்றது. நகர அதிகாரி ஒருவர் ஓடிப்போய் உறங்கிக்கொண்டிருந்த போதகர் ஜேம்ஸ் மெல்வில்லை எழுப்பினார். வந்திருப்பவர்கள் ஸ்பானியர்.

அந்தக் கோடையில் இக்கரையே ஸ்பானியக் கடற்படையை எண்ணி நடுங்கிக் கிடந்தது. இன்று இங்கே இறங்கிவிட்டார்கள், நாளை அங்கே இறங்குவார்கள் என்று வதந்திகள். கத்தோலிக்கப் பேரரசின் படை தங்களைக் கருவறுத்துவிடும் என்றே சீர்திருத்தத் திருச்சபையினர் நம்பினார்கள். இப்போது அந்தப் படையின் மிச்சம் வாசலில் நிற்கிறது. வடக்கே ஃபெயர் தீவில் கப்பல் உடைந்து, வாரக்கணக்கில் அத்தீவில் பசியுடன் கிடந்து வந்தவர்கள். தலைவர் ஹுவான் கோமெஸ் டி மெடினா நரைத்த முதியவர். தரையைத் தொடுமளவு குனிந்து வணங்கினார்.

மெல்வில் தம் நாட்குறிப்பில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். முதலில் அவர் கடிந்தே பேசினார். உங்கள் நாட்டில் எங்கள் வணிகர்களைச் சிறையிட்டும் எரித்தும் கொல்கிறீர்கள் என்று நினைவுறுத்தினார். பின்னர் அதிகாரிகளின் இசைவுடன் தலைவர்கள் கரைக்கு வந்தார்கள். அடுத்த நாள், அப்பகுதியின் நிலப்பிரபு வந்த பிறகு, மற்றவர்களும் இறங்கினார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் மீசை அரும்பாத இளைஞர்கள், நடக்கவும் திராணியற்றவர்கள். ஊரார் ஓரிரு நாட்கள் கீரையும் கஞ்சியும் மீனும் கொடுத்தார்கள். கையில் அகப்பட்ட எதிரிகளுக்கு உணவிடுமாறு இஸ்ரவேலின் அரசனுக்கு எலிசா தீர்க்கதரிசி சொன்ன விவிலியக் கதையை எடுத்துச் சொல்லி மெல்வில் ஊரை இணங்க வைத்தார்.

தம் கடற்படைக்கு நேர்ந்த கதி மெடினாவுக்குத் தெரியாது. மெல்வில் செயின்ட் அண்ட்ரூசில் கிடைத்த அச்சிட்ட விவரத்தைக் கொண்டுவந்து, அழிந்த கப்பல்களையும் இறந்த பிரபுக்களையும் பெயர் பெயராகச் சொன்னார். முதியவர் அழுதார்.

பிற்பாடு அன்ஸ்ட்ரதர்க் கப்பலொன்று ஸ்பானியத் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டபோது, மெடினா தாமே அரசவைக்குச் சென்று அதை விடுவித்தார். மாலுமிகளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். போதகர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

அன்ஸ்ட்ரதர் புனிதமான ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. 1643ஐ ஒட்டி ஃபைஃப் முழுவதும் நடந்த சூனிய வேட்டை இவ்வூரையும் விட்டுவைக்கவில்லை. மெல்வில்லும் கூப்பரும் ஒரே சீர்திருத்த மரபில் வந்தவர்கள், ஒரே வேதத்தைக் கையில் ஏந்தியவர்கள். ஊரார் இருவர் முகத்தையும்தான் பார்த்திருந்தார்கள். ஒருவர் அதில் எலிசாவைத் தேடி எடுத்தார். மற்றவர் வேறொன்றை எடுத்தார். இதற்கு மேல் விளக்கம் எனக்கு அகப்படவில்லை.

கரையோரக் கடையில் பொரித்த மீன் வாங்கி வந்து துறைமுகச் சுவரில் அமர்ந்து சாப்பிட்டோம். எதிரே கடலில் மே தீவு நீலமாகத் தெரிந்தது. ஸ்கொட்லாந்தின் முதலாவது வெளிச்ச வீடு 1636இல் நிலக்கரித் தீயுடன் எரியத் தொடங்கியது அங்கேதான். கிரெய்ல் துறைமுகத்தையும் பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். மனைவி எழவில்லை. கப்பல் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று கேட்டாள். வடக்கேயிருந்து வந்தவர்கள், அந்தத் தீவுப் பக்கமாகத்தான் திரும்பியிருப்பார்கள் என்றேன்.

கிரெய்லை அடைந்தபோது இருட்டிவிட்டிருந்தது.